கால் நீட்டிய புறா

முன்னொரு காலத்தில் குவளை நாட்டைக் கொற்றவேலன் என்றோர் அரசன் ஆண்டான். காலையில் பிடித்தது அவனுக்கு மதியம் பிடிக்காது. அரண்மனையின் ரகசிய ஓலை அறைக்குப் புதிய காவல் தேவைப்பட்டது. சாவியை எழுத்தர் எயினியிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

அந்தச் சாவியின் மேல் மதனகேசரிக்கும் கண். அரசியின் தூரத்து உறவு அவர். சபையில் எழுந்தார்.

“அரசே, இவள் அரண்மனைப் புறாவில் சொந்தக் கடிதம் அனுப்பியவள்!”

அரசன் முகம் சுருங்கியது. “உண்மையா, பெண்ணே?”

“உண்மைதான் அரசே. ஒரே ஒரு முறை. அக்காவுக்குப் பிரசவ வலி என்று கேட்டதும் மனசு பொறுக்கவில்லை. மறுநாளே அமைச்சரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் புறாக்கூண்டு கழுவச் சொன்னார். கழுவினேன்.”

“என்ன குழந்தை?”

“பெண், அரசே.”

“நல்லது. ஆனாலும் சாவி உனக்கில்லை.”

எயினி தலைகுனிந்தாள். அமைச்சர் நல்லாதனார் மெல்லக் கனைத்தார். “கேசரியாரே, நீங்கள் அப்படி அனுப்பியதுண்டா?”

“நானா? புறாவுக்கு மூக்கு எது, வால் எது என்றே எனக்குத் தெரியாது!”

அமைச்சர் கூண்டை வரவழைத்தார். “தூதுப் புறாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, அரசே. வழக்கமாக ஓலை கட்டுகிறவரைக் கண்டால் தானே காலை நீட்டும்.”

கூண்டு திறந்தது. வெள்ளைப் புறா ஒன்று சபையைச் சுற்றி வந்து, எயினியைத் தாண்டி, கேசரியின் முன் இறங்கியது. வலது காலை நீட்டியது.

கேசரி நகர்ந்தார். அதுவும் நகர்ந்து காலை நீட்டியது.

“சூ! போய்த் தொலை, வெள்ளச்சி!”

“பெயர்கூடத் தெரிகிறதே!” என்றார் அமைச்சர்.

சபை வெடித்துச் சிரித்தது. கேசரி வியர்வையைத் துடைத்தார். “பக்கத்து ஊர் அல்வாக்காரருக்குத்தான், அரசே. மூன்று வருஷமாக.”

“மூன்று வருஷமா! எனக்கு ஒரு துண்டு தந்தாயா?”

“அல்வா சின்ன விஷயம், அரசே,” என்றார் அமைச்சர். “அதற்கே சபையில் பொய் சொன்னவர், கோட்டை ரகசியத்துக்கு என்ன சொல்வார்?”

அரசன் யோசித்தான். யோசிக்கும்போதே நாக்கில் நீர் ஊறியது. “எயினி, அந்தப் புறாவிலேயே எழுதி அனுப்பு. எனக்கு இரண்டு சேர் அல்வா.”

எயினி எழுத்தாணியைத் தொடவில்லை. “மன்னிக்க வேண்டும், அரசே. அது அரண்மனை வேலை இல்லையே.”

அரசன் அவளையே பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

“சாவியை இவளிடமே கொடுங்கள்! கேசரி, நீ கிளம்பு. அல்வா வேண்டும். நடந்தே போய் வா.”

கேசரி வாசலைத் தாண்டினார். வெள்ளச்சி காலை நீட்டியபடியே பின்னால் தத்திப் போனது.