லியா தாண்டிய சுவர்

சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்வருபவர்களில் சிலர், அந்தப் பெயருக்கும் கன்னிமார் தெய்வங்களுக்கும் ஏதோ உறவு இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுப்பதற்கில்லை. கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்லும் சேறும் காற்றுமாகக் கிடக்கும் ஒரு சீமை; அதைத் தன் பட்டப்பெயரில் கொண்டிருந்த ஒரு சென்னை கவர்னரின் பெயரே நூலகத்துக்கு வந்தது. அங்கே ஒரு மட்டக்குதிரை இனம் உண்டு. உடைந்த ஸ்பானியக் கப்பல்களிலிருந்து நீந்திக் கரையேறிய குதிரைகளின் வம்சம் அது என்பாரையும் நம்ப வேண்டாம். கப்பல்கள் உடைவதற்கு வெகுகாலம் முன்பே அந்நாட்டில் மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அந்தச் சீமையின் குடியானவர் வீட்டில் குதிரை என்றால் ஒன்றுதான். ஆகவே எல்லா வேலையும் அதன் தலையில். நப்லா என்ற கைம்பெண்ணிடம் லியா என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை இருந்தாள். வசந்தத்தில் ஏர் இழுப்பாள். கோடையில், அவர்கள் விறகுக்குப் பதில் எரிக்கும் காய்ந்த சேற்றுக்கட்டிகளைச் சுமப்பாள். ஞாயிறன்று நப்லாவைத் தேவாலயத்துக்கு ஏற்றிப்போவாள். குளிர் விடும்போது, இரு பக்கமும் கூடை தொங்க, கடற்கரையிலிருந்து பாசி கொண்டுவருவாள். பாசி உரம் இல்லாமல் அந்தப் பாறையில் உருளைக்கிழங்கு விளையாது; கிழங்கு இல்லாமல் நப்லாவின் அடுப்பு எரியாது.

நிலம் ஜமீனுடையது. ஜமீன் காரியஸ்தர் ஹட்லி. அவர் போட்ட விதி இது: குடியானவர் உழைப்புக் குதிரை வைத்துக்கொள்ளலாம், வேட்டைக்குதிரை வைத்திருந்தால் அது ஜமீனைச் சேரும். அதே ஹட்லி அந்த வருஷம், ஜமீன் ஆடுகள் வெளியே போகாமலிருக்க, கடற்கரைப் பாதையின் குறுக்கே மார்பளவுக்குச் சுவர் எழுப்பினார். ஒருநாள் காலையில் நப்லாவைச் சுமந்தபடி லியா அந்தச் சுவரைத் தாண்டியதை அவர் பார்த்துவிட்டார். வழக்கு நீதிபதியிடம் போயிற்று.

"என்ன பாய்ச்சல், ஐயா! இரண்டு வெறுங்கூடையும் சிறகு மாதிரி பறந்தன. எங்கள் லாயத்திலேயே அப்படி ஒன்று கிடையாது. வேலியும் சுவரும் தாண்டி ஓடுவது வேட்டைக்குதிரையின் வேலை. இது வேட்டைக்குதிரைதான்" என்றார் ஹட்லி.

பக்கத்து நிலத்துக் கொல்ம், நப்லாவின் காதருகே குனிந்தான். "மிரண்டு பாய்ந்துவிட்டது என்று சொல். மிரண்டால் கழுதைகூடப் பாயும். நானும் பார்த்ததாகச் சத்தியம் பண்ணுகிறேன்."

"நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய், கொல்ம்."

"தூக்கத்தில் பார்த்தேன்!"

சொன்னபடியே எழுந்து சத்தியமும் செய்துவிட்டான். நீதிபதி நப்லாவைப் பார்த்தார். "குதிரை மிரண்டதா?"

தலையை ஆட்டினால் போதும், லியா வீட்டுக்கு வந்துவிடுவாள். நப்லாவுக்கு அது தெரியும். ஆனாலும் நிமிர்ந்தே நின்றாள்.

"இல்லை, ஐயா. என் குதிரை எதற்கும் மிரண்டவள் இல்லை. நான் பாயச் சொன்னேன், பாய்ந்தாள். நாளைக்கும் பாசி வேண்டும். நாளைக்கும் பாய்வாள்."

"அவளே ஒப்புக்கொண்டாள்!" என்று ஹட்லி கைதட்டினார். கொல்ம் தலையில் அடித்துக்கொண்டான்.

விதியைக் காட்டிக் குதிரையைக் கேட்டார் ஹட்லி. பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தான் கொல்ம். உண்மையைச் சொல்லிக் குதிரையையே பணயம் வைத்தாள் நப்லா. வாசகரே, இம்மூவரில் யார் செய்தது சரி?

நப்லா செய்ததே சரி. கொல்மின் பொய் லியாவை அன்றைக்கு மட்டும் மீட்டிருக்கும். சுவர் அங்கேயே நிற்கும், பாசி அதற்கு அப்பாலேயே கிடக்கும். ஒரு குதிரை தினமும் மிரண்டுகொண்டிருக்க முடியாது. ஹட்லியோ குதிரை தாண்டியதைப் பார்த்தாரே தவிர, எதற்காகத் தாண்டியது என்று கேட்கவில்லை. கூடை கட்டிக்கொண்டு எந்தக் குதிரையும் வேட்டைக்குப் போவதில்லை. கூடையைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். லியா வேலைக்குப் போனாள். அவளைப் பாயவைத்தது அவர் கட்டிய சுவர். நீதிபதி லியாவை நப்லாவிடமே விட்டு, சுவரில் வழி திறக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் கூடைகளோடு ஒரு குதிரை நுழையுமளவுக்குச் சுவரில் வழி விடப்பட்டது. லியா அந்த வழிக்கு நாலடி தள்ளி, சுவரைத் தாண்டியே கடற்கரைக்குப் போனாள்.