ஞானப்பூ வீட்டு மூடின சட்டி

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அதுல உப்பு வாருறவ ஞானப்பூ. கேக்குறியா கண்ணு?

ம்.

மழ வந்துட்டா உப்பளத்துல வேலையே கெடையாது. ஐப்பசியில மழ புடிச்சுது, மார்கழி வரைக்கும் விடல. ஞானப்பூவும் அவ புருஷன் சவரிமுத்தும் ரெண்டு மாசமா வீட்டுலயே இருக்காங்க. அப்போ கிறிஸ்மஸ் வந்துடுச்சு.

ஒரு வருஷம் சவரிமுத்தோட அக்கா செசிலி மதினி வீட்டுல விருந்து, மறுவருஷம் இவ வீட்டுல. இந்த வருஷம் இவ மொற. மதினி சொல்லி அனுப்பிச்சா: "வேலையில்லாத நேரத்துல உனக்கு எதுக்கும்மா செரமம்? நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம்."

ஞானப்பூவுக்கு சுருக்குன்னுச்சு. "மழ பெஞ்சா எம்மொற எங்கயும் போயிடாது. எல்லாரும் வாங்க மதினி"ன்னு பதில் சொல்லிட்டா.

சொல்லிட்டாளே தவிர, வீட்டுல இருக்குறது ஒரே ஒரு கோழி. கொஞ்சம் அரிசி, உருளக்கிழங்கு, ரெண்டு தேங்கா, கொல்லையில ஒரு முருங்கமரம். வர்றவங்க ஒம்போது பேரு.

"ஒரு கோழி எத்தன பேருக்கு வரும்?"னு சவரிமுத்து கேட்டான்.

"நானும் அதத்தான் பாக்கப்போறேன்"னா ஞானப்பூ.

கோழிய அறுத்து, கறிய சின்னச்சின்னதா நறுக்குனா. கழுத்து, காலு, முதுகெலும்ப மட்டும் தனியா எடுத்தா. மஞ்சளும் உப்பும் போட்டு கொதிக்கவச்சு, ஒரு மண்சட்டியில ஊத்தி மூடி வச்சா. அது எதுக்கு? தெரியல, பாப்போம்.

அப்புறம் தேங்காய அரைச்சு, உருளக்கிழங்க நெறைய வெட்டிப்போட்டு கொழம்பு கூட்டுனா. தளபுள தளபுளன்னு கொதிக்குது, தெருவே கமகமன்னு மணக்குது. பொழுது சாயுறப்போ ஒம்போது பேரும் வந்து உக்காந்தாங்க. வயிறாரத் தின்னாங்க. மதினி கேட்டா: "நீ உக்காரலயா?"

"நான் அப்பவே சாப்ட்டேன் மதினி."

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

விடிஞ்சா என்னாச்சு? சோ...ன்னு மழ. தரப்பாலத்து மேல தண்ணி கரபுரன்னு ஓடுது, பஸ்சு வராது. ஒம்போது பேரும் மாட்டிக்கிட்டாங்க! சவரிமுத்து மூஞ்சி சுண்டிப்போச்சு. ஞானப்பூ சோத்துப்பானையத் தொறந்தா. மிஞ்சுன சோத்துலதான் ராத்திரியே தண்ணி ஊத்தி வச்சிருந்தாளே! கொழம்பு மிச்சத்துல முருங்கக்கீரைய உருவிப்போட்டு நல்லா சுண்டவச்சா. பழைய சோறும் சுண்டுன கொழம்பும். "நேத்து தின்னதவிட இது ருசியா இருக்கே!"ன்னாங்க எல்லாரும். மதினி மறுபடியும் கேட்டா: "நீ?"

"நான் அப்பவே சாப்ட்டேன் மதினி."

மத்தியானம் ஆச்சு. தண்ணி வடியவே இல்ல. இப்போ கறியும் இல்ல, கொழம்பும் இல்ல. எல்லாரும் அடுப்படியவே பாக்குறாங்க. அப்போதான் அந்த மூடின சட்டிய எடுத்தா. "உள்ள என்ன? உள்ள என்ன?"ன்னு ஆளாளுக்கு எட்டிப்பாக்குறாங்க. எலும்புத்தண்ணியில மொளகும் பூண்டும் நசுக்கிப்போட்டு ரசம் வச்சா. பானை அடியில கெடந்த பழைய சோத்த அம்மியில அரைச்சு, அரிசிமாவும் வெங்காயமும் சேத்து பணியாரம் ஊத்துனா. சொய்ங்... சொய்ங்... ஒண்ணொண்ணா வேகுது. மழக்குளிருக்கு ரசத்த மடக்கு மடக்குன்னு குடிச்சாங்க. பணியாரமும் காலி.

இந்த தடவ மதினி கேக்கல. எந்திரிச்சு நேரா அடுப்படிக்குப் போனா. காயவச்சிருந்த தட்டுகள எண்ணுனா. ஒம்போது விருந்துக்கு வந்தவங்களோடது, ஒண்ணு தம்பியோடது. பதினொண்ணாவது தட்டு சொவத்துல மாட்டுனபடி இருக்கு. தடவிப்பாத்தா, ஒரு பொட்டு ஈரம் இல்ல.

"ஞானப்பூ, நேத்துலேருந்து நீ எதுல சாப்ட்டே?"

ஞானப்பூ தலைய குனிஞ்சுக்கிட்டா.

"வாயத் தொற."

"ரெண்டு வேளையும் வடிச்ச கஞ்சி குடிச்சேன் மதினி. பத்தாமப் போயிட்டா எம்மானம் போயிடுமேன்னு..."

மதினிக்கு கண்ணு தளும்பிடுச்சு. சட்டியில மிச்சமிருந்த மாவ வழிச்சு அவளே ஆறு பணியாரம் ஊத்துனா. சட்டியோரத்து ரசத்த சாய்ச்சு ஊத்துனா. அந்தத் தட்டக் கழுவி, ஞானப்பூவ தோளப்புடிச்சு உக்காரவச்சா. "மொத வாய் எங்கையால"ன்னு ஊட்டிவிட்டா.

ஞானப்பூ மென்னுக்கிட்டே கேட்டா: "எல்லாத்துலயும் உப்பு சரியா இருந்துச்சா மதினி? நேத்துலேருந்து நான் எதையும் ருசியே பாக்கல."

மதினிக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

அதுக்குள்ள பாலத்துல தண்ணி வடிஞ்சு, தூரத்துல பஸ்சு ஆரனடிச்சுது, பாம்... பாம்...னு. மதினி மட்டும் அசையல. "நீங்க போங்க, அவ சாப்ட்டு முடிக்கட்டும். நான் அடுத்த பஸ்சுல வாரேன்"னுட்டா.

அம்புட்டுதான் கண்ணு. சட்டியும் காலி, கதையும் காலி. கண்ண மூடிக்கோ.