நிற்கிற வண்டியில் ஓர் அளவு

“அம்மணி, எத்தனை அகலத்துல சக்கரம் போட்டா என் சம்சாரம் திரும்ப வண்டியில ஏறுவா?”

நாச்சிமுத்து இப்படித்தான் கேட்டார். கேட்ட இடம் பொள்ளாச்சியில் கருணாம்பிகையின் கார்க் கொட்டகை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பது ஆகவில்லை.

குரு என்றதும் காவியும் கமண்டலமும் தேட வேண்டாம். கருணாம்பிகை மலைப்பாதைப் பந்தயங்களில் கார் ஓட்டிக் கோப்பை வாங்கியவள். அந்தக் கோப்பைகளில் இப்போது நட்டும் போல்ட்டும் கிடக்கின்றன. பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

கொட்டகைக்கு ஒரே சட்டம். கேள்வி கேட்டவர்தான் ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். தப்பாக முடுக்கினாலும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பார்க்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நாச்சிமுத்துவின் கார், வண்டு மாதிரி முதுகு வளைந்த ஒரு பழைய பீட்டில். இஞ்சின் பின்பக்கம். அதை ஆற்றத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். சத்தமும் கொஞ்சநஞ்சமில்லை. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் காப்பிக்குப் பால் வைத்துவிடலாம்.

முன்னால் அவருக்குப் பக்கத்து சீட்டில் எப்போதும் டூல்ஸ் பெட்டி. பழைய வண்டி எங்கே நிற்குமோ, பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே சாரதாமணி பின் சீட்டில்.

வண்டிக்கு இரண்டே கதவு. டிரைவர் சீட்டை மடக்கி அவள் உள்ளே போன பிறகுதான் அவர் ஏறுவார். அவர் இறங்காமல் அவள் இறங்க முடியாது. கார் வாங்கிய நாளிலிருந்து இதே ஏற்பாடு.

ஐப்பசி மழையில், வால்பாறையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிப் போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் இறங்கி சீட்டை மடக்கினார். சாரதாமணி இறங்கினாள். கீழேயிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மகளைப் பார்க்க பஸ்தான். இவர் விட்டால்தானே? பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறார். ஊர் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவள் தலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தபடி மலையேறுவதைத்தான் மனுஷனால் தாங்க முடியவில்லை.

கருணாம்பிகை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“இறங்குறப்ப அக்கா என்ன சொன்னாங்கண்ணா?”

“ஒண்ணும் சொல்லல. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா. டயர் ஒல்லி அம்மணி. அதான் வழுக்கிருச்சு.”

 கருணாம்பிகை சுவரோரம் சாய்ந்திருந்த அகலச் சக்கரங்களைக் காட்டி, போட்டுப் பாருங்கள் என்றாள்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கினார். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை மடக்கி விட்டுப் பார்த்தார். முஷ்டி தாராளமாகப் போனது.

கருணாம்பிகை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வண்டியை இறக்கினார். இடைவெளி குறைந்தது, ஆனாலும் விரல் போனது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கேயும் உரசவில்லை. மாப்பிள்ளை தோரணையில் இறங்கி, எப்படி என்பதுபோல் பார்த்தார்.

 குரு டூல்ஸ் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். சீட்டை மடக்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஓட்டச் சொன்னாள்.

ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் இன்னொன்று. ரப்பர் தீய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. இறங்கிப் பார்த்தால், மட்கார்டு விளிம்பு டயரைச் சீவியிருந்தது. நாச்சிமுத்து சீவிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மலையில் டயர் வெடித்திருந்தால்?

ஜாக்கியில் ஏற்றினால் சக்கரம் கீழே தொங்கும், இடைவெளி காட்டும். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் சக்கரம் மேலே ஏறும். காலி வண்டிக்கு அளவெடுத்திருக்கிறார் மனுஷன்.

கொட்டகைக்குத் திரும்பியதும், அதனாலென்ன, இரண்டு மூட்டை தேங்காயைப் பின் சீட்டில் போட்டு அளந்து, தேவையான அளவுக்கு மட்கார்டை வெட்டிவிடலாம் என்றார்.

“மலைக்குத் தேங்காய் மூட்டையா வரப்போகுது?” என்றாள் கருணாம்பிகை. “யாரு வரப்போறாங்களோ அவங்க உக்காரட்டும். அப்புறம் அளங்க.”

நாச்சிமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவ ஏறோணும்னுதான் சக்கரம் கேட்டு வந்தேன். சக்கரம் போடறதுக்கு அவ ஏறோணும்ங்கறே. இது என்ன நாயம் அம்மணி?”

“ஓட்டறதுக்கு ஏறச் சொல்லலீங்ணா. நிக்கிற வண்டியில உக்காரச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தார். வாசலில் காரை நிறுத்தினார். உள்ளே போனதும் ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. கார் சாவியை நீட்டினார்.

“சாரதா, வண்டி ஓடாது. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். சித்த நேரம் உள்ள உக்காரு. ஒரு அளவு எடுக்கணும்.”

சாரதாமணி சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

டூல்ஸ் பெட்டி மறுபடியும் முன் சீட்டில் ஏறியிருந்தது. பழக்க தோஷம். அவர் டிரைவர் சீட்டை மடக்கிப் பிடிக்க, அவள் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி லேசாக அமுங்கியது.

நாச்சிமுத்து பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுக்கில் விரலை விட்டார்.

“அன்னிக்கு ஆழியார் தாண்டுனதுல இருந்து சொல்லிட்டு வந்தேன், மெதுவாப் போங்கன்னு.”

குரல் அவர் காதருகே கேட்டது. திறந்து கிடந்த கதவு வழியாக, சண்டைக் குரலாக இல்லாமல், சும்மா பேசுகிற குரலாக.

விரலை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். “எனக்குக் கேக்கலியே?”

“எப்படிக் கேக்கும்? இஞ்சின் என் முதுகுக்குப் பின்னாடி கத்துது. நீங்க முன்னாடி பாத்து ஓட்டறீங்க. வளைவுல பயமா இருக்குதுங்கன்னேன். திரும்பவே இல்ல. தோளைத் தொடலாம்னா, தொட்டு நீங்க திடுக்குனு ஸ்டியரிங்க ஒடிச்சுட்டா?”

“இத்தனை வருசமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“சொல்லிட்டேதான் வந்தேன்.”

 அவளை வாய் பேசாதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.  வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் கலங்கியதைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கையெல்லாம் கரி.

“இன்னும் என்னவெல்லாம் சொன்னே?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று சொன்னது. பழனிக்குப் போன அன்று சொன்னது. வழியில் ஒரு இளநீர்க் கடையைப் பார்த்து, நிறுத்துங்களேன் என்று சொன்னது.

வெயில் சாய்கிற வரைக்கும் அவர் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனதும் தரையிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்ச் சத்தம் கொட்டகைக்கு வெகு தூரத்திலிருந்தே கேட்டுவிட்டது. வண்டிதான் வந்தபாடில்லை. வேகத்தடையில் கார் ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கியது. உரசல் சத்தம் எதுவும் இல்லை. சக்கரம் இன்னும் அதே அகலச் சக்கரம்தான்.

கருணாம்பிகை வெளியே வந்து பார்த்தாள். டூல்ஸ் பெட்டி பின் சீட்டில் இருந்தது. சாரதாமணி முன் சீட்டில் இருந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த இஞ்சினுக்கு மேலே குரலை உயர்த்திக் கருணாம்பிகை கேட்டாள்.

“அளவு எடுத்தீங்களாண்ணா?”

“மறந்துட்டேன் அம்மணி.”

“அப்ப இந்தச் சக்கரத்தையே விட்டுட்டு மட்கார்டை வெட்டலாமா, பழைய சக்கரத்தையே மாட்டிரலாமா?”

நாச்சிமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பினார்.