ஒரு கழுத்துக்கு எத்தனை அழுகை

“நீ அழுதாய்—”

“வெங்காயம் அரிந்தேன், அதனால்—”

“சுடுகாட்டிலா வெங்காயம் அரிந்தாய்?”

முன்னொரு காலத்தில் ஒரு ராஜசபையில் இரண்டு பேர் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். குற்றம் சாட்டியவர் மந்திரி மார்க்கசகாயர். கைவிலங்கோடு நின்றவன் சபை விகடன் செவந்தியப்பன். தாய்போல் வளர்த்த அக்காவுக்கு முந்தின நாள்தான் கொள்ளி வைத்திருந்தான்.

அந்த நாட்டில் அழக்கூடாது. ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ராணி மறுபடி உண்டானதும், இனி அழுகைச் சத்தமே காதில் விழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். சட்டமாக்கியவர் மந்திரி: அழுபவனுக்கும் தலை போகும், அழவைப்பவனுக்கும் தலை போகும்.

அப்புறம் ஊர் இருந்த இருப்பைக் கேளுங்கள். காவலர்கள் தெருத்தெருவாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்கள். பல் முளைக்கிற பிள்ளைகளைத் தாய்மார் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புகுந்த வீடு போகிற பெண் முந்தானையைக் கடித்துக்கொண்டு வண்டி ஏறினாள். சிரிப்பாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. செவந்தியப்பன் விகடம் சொன்னால், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடுமோ என்று சபையே உதட்டைக் கடித்தது. ராஜா சிரித்தும் மாதக்கணக்காயிற்று.

“உச்சிப் பொழுதில் தலையை எடுங்கள்” என்றார் ராஜா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

அப்போது அந்தப்புரத்திலிருந்து தாதி ஓடி வந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். ஆனால் சத்தமில்லை.

ராஜா ஓடினார். மந்திரி ஓடினார். விலங்கைப் பிடித்திருந்த காவலனும் ஓட, செவந்தியப்பன் இழுபட்டு ஓடினான். விலகியிருந்த திரைக்கு அப்பால் மருத்துவச்சி ஆவுடை பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. குலவையிட வந்த பெண்கள் நாக்கை மடித்துக் காத்திருந்தார்கள். பிள்ளை அழாமல் குலவை ஏது?

“அடிச்சா அழும் சாமி. அழவெச்சா என் தலை போயிருமே. எனக்கும் பிள்ளைக இருக்கு” என்றாள் ஆவுடை.

ராஜா மந்திரியைப் பார்த்தார். சட்டத்தில் விலக்கு எழுதவில்லையே, சபையைக் கூட்டித்தான் மாற்றவேண்டும் என்று மந்திரி இழுத்தார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் ராஜா திரையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“ஆவுடை, அடி” என்றான் செவந்தியப்பன். “அழவைக்கச் சொன்னவன் நான். இது உச்சிப் பொழுதில் போகிற தலை. இன்னொரு குற்றம் ஏறினால் என்ன? ஒரு கழுத்தை இரண்டு தடவையா வெட்டுவார்கள்?”

பிஞ்சுப் பாதத்தில் சுளீரென்று ஓர் அடி. ஒன்றுமில்லை. இன்னோர் அடி. பிள்ளை வீறிட்டது. அதன்மேல் குலவை எழுந்தது.

ராஜா சுவரில் சாய்ந்து, விம்மி விம்மி அழுதார். மந்திரியின் முகம் வெளுத்தது.

“இளவரசர் அழுதது, மகாராஜா அழுதது, எல்லாம் என் தலைமேலேயே இருக்கட்டும்” என்றான் செவந்தியப்பன். “இல்லையென்றால் பாவம் மந்திரியார், இந்த வீட்டில் யார் தலையிலிருந்து தொடங்குவார்?”

ராஜா சிரித்துவிட்டார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அழுகைக்கு வைத்த பூட்டு சிரிப்புக்கும் சேர்த்துத்தான் விழுந்திருந்தது போலும். இரண்டும் ஒன்றாகத் திறந்துகொண்டன. சட்டம் அந்த இடத்திலேயே போயிற்று. விலங்கு கழன்றது, முத்துமாலை விகடன் கழுத்தில் விழுந்தது. பிள்ளை அழும்போதெல்லாம் தொட்டிலாட்டுகிற வேலை மந்திரிக்கு.

“இன்னும் என்ன வேண்டும், கேள்” என்றார் ராஜா.

செவந்தியப்பன் மாலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அக்காவுக்கு நேற்றுப் பாதிதான் அழுதேன், மகாராஜா. மீதியையும் அழுதுவிட்டு வரட்டுமா?”