கையசைக்கும் நூலகம்

ஊரின் புது நூலகத்தைக் கட்டிய ரங்கபாஷ்யத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மேசைக்கு ஒரு விளக்கு. ஆள் இருப்பதைக் கட்டடமே உணர்ந்து போடும், அணைக்கும். சுவிட்சே கிடையாது. ஒரு நாள் அவர் பார்வையிட வந்தபோது, படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமலே கையை உயர்த்தி அசைத்தார்கள். அவரும் சிரித்தபடி பதிலுக்குக் கையசைத்தார்.

"அது உங்களுக்கு இல்லைங்க சார்," என்றாள், அரசுத் தேர்வுக்குப் படிக்க வரும் பூங்கோதை. "அசையாம படிச்சா ஆளே இல்லைன்னு லைட் அணைஞ்சிடுது. ஒரு சுவிட்ச் வச்சுக் குடுங்க."

"கட்டடம் நம்மளப் பாத்துக் கத்துக்கும்மா. கத்துக்கலைன்னு என் வாயால ஒத்துக்க வை, சுவிட்ச் வைக்கிறேன்."

பூங்கோதை வாதாடவில்லை. அவரைப் புகழ்ந்து பத்திரிகையில் வந்திருந்த நீண்ட கட்டுரையைக் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் சிலையாக உட்கார்ந்து படித்தார். புகழ்ச்சி உச்சத்துக்குப் போன இடத்தில் விளக்கு அணைந்தது. கட்டுரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கை தானாக மேலே போய் அசைந்தது.

"வாய் எதுக்கு சார், உங்க கையே சொல்லிடுச்சு. கட்டடம் கத்துக்கலை. நாமதான் கத்துக்கிட்டோம்."

அறையே சிரித்தது. அந்த வாரமே சுவிட்ச் வந்தது.

முன்பு தினமும் பேப்பர் படிக்க வந்துகொண்டிருந்த தாவூது ராவுத்தர் மட்டும் திரும்பி வரவில்லை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர். மறு கையில் பூதக்கண்ணாடி பிடித்துத்தான் பேப்பர் படிப்பார். கையசைத்தால் வரி தப்பிவிடும் என்று இருட்டிலேயே உட்கார்ந்து பார்த்து, ஒரு நாள் எழுந்து போனவர். சுவிட்ச் வந்ததைச் சொல்ல பூங்கோதை அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே அவர் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்த நாளெல்லாம் பக்கத்து மேசையில்தான், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அவள் படித்தாள். அவளுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன.