கழுதை கொடுத்த பேர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் மூத்த நாத்தனார் எஸ்தர் பாக்கியம். என் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டே, "இதைக் கேட்காமல் அந்தப் பேரைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். வேதத்தில் உள்ள கதை இல்லை இது. ஆனாலும் சொல்லி முடிக்கும்போதெல்லாம் எனக்கு ஜெபம் பண்ணி எழுந்த மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் மனுஷர் மாதிரியே பேசிக்கொண்டிருந்தன. பூனை வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வரும். கேட்குமே தவிர, பதிலுக்குக் காத்திருக்காது.

அப்போது செம்மணல் மேடுமேடாகக் கிடக்கிற தேரிக்குப் பக்கத்தில் இருக்கிற கருக்குவிளை என்ற ஊருக்கு ஒரு வெள்ளைக்கார துரை வந்தார். சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற வேலை. அவருடைய கூடாரத்தையும் பெட்டியையும் சங்கிலியையும் சுமக்க ஒரு சாம்பல் நிறக் கழுதை இருந்தது. அதற்கு அவர் 'தர்ஸ்டன்' என்று பேர் வைத்திருந்தார். அது சீமையில் இருக்கிற அவருடைய அண்ணன் பேர்.

"எங்கள் சீமையிலேயே இந்தப் பேர்க்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்" என்று அவர் கழுதையிடம் சொல்வார். "அண்ணனுக்குக் கடுதாசி போட்டால் பதில் வர ஆறு மாசம் ஆகிறது. அதுவரைக்கும் அந்தப் பேரை வாயால் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

நாலு வருஷம் அளந்தார். அளந்து முடித்துக் கப்பலுக்குப் புறப்படும்போது கழுதையின் இரண்டு காதுக்கும் நடுவில் தடவிக்கொடுத்தார். "உன்னைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். பேர் உன்னிடமே இருக்கட்டும். நான் ஊருக்குப் போய் அண்ணனையே கூப்பிட்டுக்கொள்வேன்."

மாட்டுக்கு நிறத்தைப் பார்த்துப் பேர் வைப்பார்கள், நாய்க்கு வாலைப் பார்த்துப் பேர் வைப்பார்கள். முழுசாக ஒரு மனுஷன் பேர் கிடைத்த மிருகம் அந்த ஊரில் அது ஒன்றுதான். அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "ஏ கழுதை" என்றால் நகராது. "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லும். ஊர்க்காரர்களும் சிரித்துக்கொண்டே, "வாரும் தர்ஸ்டன் துரை" என்பார்கள்.

துரை போன பிறகு கழுதைக்குப் பதநீர் சுமக்கிற வேலை. ஏசுவடியான் என்ற பனையேறி மரத்திலிருந்து இறக்கின பதநீரை, கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக் குடிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விடிலியில் அடுப்போடு நிற்பவள் அவன் பெண்டாட்டி ஞானப்பூ. குடங்களை இறக்கியதும் அவள் கழுதைக்கு ஒரு சட்டி கழுநீர் வைப்பாள். குடம் உரசிப் புண்ணான முதுகில் வேப்பெண்ணெய் தடவுவாள். ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஞானப்பூவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்து, மூன்றும் போய்விட்டன.

வேதக்கோயிலுக்குப் பின்னால் நின்ற ஒற்றைப்பனையில் ஒரு கூகை ஆந்தை குடியிருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பச்சைப்பிள்ளையின் பேரை மூன்று தடவை கூப்பிடும். மூன்றாவது கூப்பாட்டோடு பிள்ளையின் உயிர் பின்னாலேயே போய்விடும். கூகை மேல் கோபப்பட்டு என்ன செய்ய, அதற்கு இட்ட வேலை அது. ஆனால் பேர் தெரிந்தால்தான் அதனால் கூப்பிட முடியும். அதனால் ஞானஸ்நானம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஜன்னலில் உட்கார்ந்து, தூங்குகிற மாதிரி பேரைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஞானப்பூவின் முதல் பிள்ளைக்குச் செத்துப்போன மாமனார் பேர். நாற்பதாம் நாள் கூகை கூப்பிட்டது. இரண்டாவதுக்கு அவளைப் பெற்ற தகப்பனார் பேர், அவரும் போய்ச்சேர்ந்தவர்தான். அதையும் கூப்பிட்டது. மூன்றாவதுக்கு, "பிச்சை என்று வை, யாரும் சீண்டமாட்டார்கள்" என்று பெண்கள் சொன்னார்கள். அந்தத் தந்திரமெல்லாம் கூகைக்குப் பழகிப்போயிருந்தது. பிச்சையையும் கூப்பிட்டுக்கொண்டது.

நாலாவது பிள்ளை தவிட்டுக்குருவி மாதிரி சின்னதாகப் பிறந்தான். 'பேர் இருந்தால்தானே கூப்பிடும்' என்று ஞானப்பூ அவனுக்குப் பேரே வைக்கவில்லை. மூன்று மாசம் இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருந்தாள். ஆனால் பேரில்லாத பிள்ளை யாரைப் பார்த்தும் திரும்பவில்லை. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்கோயில் உபதேசியார் வந்து சொன்னார்: "இந்த ஞாயிறு குருவானவர் வருகிறார், ஞானப்பூ. இதை விட்டால் மழை முடிந்துதான் வருவார். பிள்ளை இருக்கிற இருப்பைப் பார்த்தால் அதுவரைக்கும் தள்ளிப்போடாதே அம்மா."

அவர் போனதும் ஞானப்பூ அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். குடத்தோடு வந்த கழுதை அதைப் பார்த்தது.

"என்ன தாயி, இன்றைக்குக் கருப்பட்டி உப்புக் கரிக்கப் போகிறது" என்றது.

"பேர் வைத்தாலும் போய்விடுவான், வைக்காவிட்டாலும் போய்விடுவான் போலிருக்கு, தர்ஸ்டா."

கழுதை குடத்தோடு அவள் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு சொன்னது: "அந்தக் கூகையை எனக்குத் தெரியும். கூப்பிட்டதற்கு யார் வாய் திறந்து பதில் சொல்கிறார்களோ, பிள்ளையை விட்டு அவர்களிடம்தான் அது வர வேண்டும். பதில் வந்துவிட்ட பேரை அப்புறம் எந்தக் காலத்திலும் கூப்பிடக் கூடாது. அதன் சட்டம் அது. பச்சைப்பிள்ளை எங்கே பதில் சொல்லும்? அதனால்தான் பிள்ளைகளாகப் பார்த்துக் கூப்பிடுகிறது."

"அப்படியென்றால் நான் சொல்கிறேன் பதில்."

"அந்தப் பேர் உள்ளவர்தான் சொல்லலாம். நீங்களோ செத்தவர்கள் பேரையே வைக்கிறீர்கள். பதில் சொல்ல ஆள் ஏது?"

ஞானப்பூ யோசித்தாள். ஊரில் பிச்சை என்ற பேரில் நாலு பேர் உயிரோடுதான் இருந்தார்கள். மூன்றாவது பிள்ளையைக் கூப்பிட்ட அன்றைக்கு நாலு பேருமே காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"என் பேரை அவனுக்கு வை" என்றது கழுதை.

"உன்னைக் கொண்டுபோய்விடுமே."

"என்னைத் தூக்கட்டும் பார்ப்போம். குடமும் சேர்த்துத் தூக்கட்டும்" என்று சிரித்தது. ஆனால் அதன் காது இரண்டும் தாழ்ந்திருந்ததை ஞானப்பூ பார்த்தாள்.

ஏசுவடியானுக்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி, உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? என் மகனுக்குக் கழுதைப் பேரா? நான் மரத்தில் ஏறினால் அடுத்த மரத்தில் இருக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நாம் மூன்று தடவை அழுததைப் பார்த்தவர்கள்தானே. ஒரு தடவை சிரித்துவிட்டுப் போகட்டும்."

அவன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான். "சரி" என்று திருப்பிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் பிள்ளையைக் கையில் வாங்கி, பேர் என்ன என்று கேட்டார்.

"தர்ஸ்டன், ஐயா."

"எந்தப் பரிசுத்தவான் பேர் அம்மா இது? நான் கேள்விப்பட்டதில்லையே."

"பரிசுத்தவான் இல்லை ஐயா. எங்கள் விடிலிக் கழுதை பேர்."

கோயிலே சிரித்தது. பாட்டுப் புஸ்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு உபதேசியாரும் சிரித்தார். குருவானவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆண்டவரைச் சுமந்ததும் குதிரை இல்லையே, கழுதைதானே" என்று சொல்லித் தண்ணீரை எடுத்தார்.

ஜன்னலில் கூகையின் ஒரு கண் திறந்து மூடியது.

அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பாடு வந்தது. "தர்ஸ்டன்." ஞானப்பூவின் மடியில் பிள்ளையின் கால் சில்லிட்டது. "தர்ஸ்டன்." பிள்ளையின் உதடு வெளுத்தது. அவள் கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கூப்பாடும் வந்தது.

"ஏன்? இங்கேதான் நிற்கிறேன்" என்று வாசலிலிருந்து பதில் போட்டது கழுதை. தேரிக்காடு முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம்.

கூகை இறங்கி வேலிமேல் உட்கார்ந்தது. "நீயா?"

"நான்தான் தர்ஸ்டன். துரை வைத்த பேர். ஊரைக் கேட்டுப் பார்."

"உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறானே."

"அவனுக்குக் கொடுத்ததே நான்தான். நீ கூப்பிட்டாய், பதில் வந்துவிட்டது. இனி அந்தப் பேரை நீ எடுக்கக் கூடாது."

கூகை தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. பிறகு, "உன்னைத் தூக்க என் சிறகு பத்தாது. வெறுமனே திரும்பிப் போகவும் எனக்குச் சட்டமில்லை. எந்தப் பேச்சால் பதில் சொன்னாயோ, அந்தப் பேச்சைக் கொடு" என்றது.

கழுதை ஞானப்பூவின் பக்கம் திரும்பியது. சொல்ல நிறைய இருந்த மாதிரிதான் அவளுக்குத் தெரிந்தது. அது சொன்னது ஒன்றுதான்.

"தாயி, கழுநீரை மறந்துவிடாதே."

பிறகு வாயைத் திறந்து கொடுத்தது. கூகை பேச்சை எடுத்துக்கொண்டு பனைக்குப் பறந்தது. உள்ளே இழுக்கிற மூச்சும் வெளியே தள்ளுகிற மூச்சும்தான் கழுதையிடம் மிச்சம் இருந்தன. மற்ற மிருகங்கள் பேச்சை எப்படி விட்டன என்பது வேறு கதை.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதான். பசித்த அழுகை. ஞானப்பூ, "தர்ஸ்டா" என்றாள். முதல் தடவையாக அவன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

அவன் வளர்ந்து ஓடியாடத் தொடங்கியதைப் பார்த்து, கூகைக்கு எட்டாத பேர் இது என்று ஊருக்குப் புரிந்துபோயிற்று. மறுவருஷம் மூன்று தர்ஸ்டன். அதற்கு அடுத்த வருஷம் ஏழு. கோயிலில் சிரித்தாரே உபதேசியார், அவர் பேரனும் ஒரு தர்ஸ்டன்தான். பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்கள் ஊரில் எல்லாம் கழுதைதானா?" என்று கேலி பேசினார்கள். "ஆமாம், எல்லாம் கழுதைதான். எல்லாம் உயிரோடு இருக்கிற கழுதை" என்று கருக்குவிளைப் பெண்கள் சொல்வார்களாம்.

சீமையில் அந்தப் பேர் இன்றைக்கும் அரிதுதானாம். இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒரு தர்ஸ்டன், அந்தப் பக்கம் ஒரு தர்ஸ்டன், பரிமாறுகிறவனும் தர்ஸ்டன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மற்ற ஊர்த் தாய்மார் இன்னும் தயங்குவார்கள். எங்கள் பக்கத்தில், "லே தர்ஸ்டா, சாப்பிட வாலே" என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கூப்பிடுவோம். நாலு வீட்டிலிருந்து, "என்னம்மா?" என்று குரல் வரும். எங்கேயோ ஒரு கழுதையும் காதை நிமிர்த்தி, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, அதற்கு முடிந்த மட்டும் பதில் சொல்லிப் பார்க்கும். அன்றைக்குத் தொடங்கியதுதான் அதுவும்.

உங்கள் தெருவில் ஒரு கழுதை வந்து நின்றால் விரட்ட வேண்டாம். ஒரு சட்டி கழுநீர் வையுங்கள்.