ஒரே மூச்சில் நான்கு வழி

ஒரு காட்டில் கோடை வந்தது. கூடவே காராயி என்ற யானைக்கு அலுப்பும் வந்தது. எல்லாம் அவள் குட்டி பொட்டுவால்தான்.

அவர்களுடைய யானைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. தண்ணீர் தேடிப் புறப்படும் முன், ஒவ்வொரு குட்டியும் சொன்ன வழியில் தனியே நடந்து கரும்பாறையை அடைய வேண்டும். வழி தவறும் குட்டி தாயோடு இங்கேயே தங்கிவிட வேண்டும். இங்கே குட்டையோ வற்றிக்கொண்டிருந்தது.

காராயி நூறாவது தடவையாகச் சொன்னாள்: "மருத மரத்தைத் தாண்டு, ஓடையைக் கட, மூங்கிலுக்கு வலப்பக்கம் திரும்பு, பாறையில் நில். இடப்பக்கம் பள்ளம், ஜாக்கிரதை! எங்கே, கிளம்பு!"

பொட்டு அங்கேயே நின்றாள்.

"ஏண்டி நிற்கிறாய்?"

"நில் என்று சொன்னாயே அம்மா."

காராயிக்கு வந்ததே கோபம்! காடே அதிரக் கத்தினாள். பொட்டு நடுங்கிப்போய் அம்மாவின் காலடியில் ஒண்டிக்கொண்டாள்.

வம்பளக்கும் முறக்காதி யானை அந்தப் பக்கமாக வந்தாள். "யானைக் குலத்தில் மறதியா? திமிர் அக்கா, திமிர்! இரண்டு சாத்து சாத்து."

காராயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொண்டை கட்டிவிட்டது, கால் வலித்தது. மறுநாள் காலையில் சோதனை. நான்கையும் சேர்த்துச் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

"மருத மரம்," என்றாள் சோர்ந்துபோய். அவ்வளவுதான்.

பொட்டு குடுகுடுவென்று ஓடி மருத மரத்தடியில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

அட! காராயி கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். "மரத்தில் உன் முதுகைத் தேய்," என்றாள். பொட்டு தேய்த்தாள். "இனி ஓடை." ஓடைக்குப் போனாள். காராயி சேற்றை அள்ளி அவளுடைய வலது காதில் அப்பினாள். மூங்கில் வந்ததும், "சேற்றுக் காதுப் பக்கம்," என்றாள். பொட்டு சரியாகத் திரும்பினாள்.

அன்று முழுவதும் அதே நடை. மரத்தில் முதுகு, ஓடையில் சேறு, சேற்றுக் காதுப் பக்கம் பாறை. போகப் போக அம்மா பேசவே இல்லை. பொட்டுவின் தும்பிக்கை தானாகவே சேற்றை அள்ளி அந்தக் காதில் பூசியது.

மறுநாள் தலைவி யானை பாறையருகே காத்திருந்தாள். பொட்டு தனியே கிளம்பினாள். காராயி தூரத்தில் நின்று பார்த்தாள்.

பொட்டு மரத்தில் முதுகைத் தேய்த்தாள். ஓடையில் காதில் சேறு பூசினாள். மூங்கிலருகே நின்றாள், ஒரு கால் இடப்பக்கம் நகர்ந்தது. பள்ளத்தின் மேல் சருகு மூடிக் கிடந்தது. காராயிக்கு உயிரே போய்விட்டது. கத்தலாம் என்றால் குரல் எழும்பவில்லை.

பொட்டு காதை ஆட்டிப் பார்த்தாள். ஈரச் சேறு கன்னத்தில் ஒட்டியது. அந்தப் பக்கமே திரும்பி விறுவிறுவென்று பாறைக்கு வந்துவிட்டாள்.

"எங்கே, வந்த வழியைச் சொல்லு," என்றாள் தலைவி.

பொட்டு திருதிருவென்று விழித்தாள். "சொல்லத் தெரியாது பெரியம்மா. வேண்டுமானால் இன்னொரு தடவை நடந்து காட்டட்டுமா?"

தலைவி சிரித்துவிட்டாள். "வேண்டாம், வேண்டாம். நாளைக்கு என் பின்னாலேயே நட."

காராயி போய் அந்த மருத மரத்தடியில் பொத்தென்று படுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

நீதி: சொன்னது குழந்தையின் மனதில் நிற்காவிட்டால் குரலை உயர்த்தாதே, சொல்வதைக் குறைத்து, கூட நட.